நின்று நின்று போகும் வண்டி

மின்சார வண்டியைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில், எதிரே இருப்பவர் படித்தவரானாலும் சரி, பாமரரானாலும் சரி, கேட்கிற முதல் கேள்வி, “ஒரு தடவை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடும்?” என்பதாகவே இருக்கிறது. குடும்பத்தோடு சென்னையிலிருந்து திருச்செந்தூருக்குச் சொந்தக் காரில் புறப்பட நினைக்கும் ஒருவர் அப்படிக் கேட்பது நியாயந்தான். நடுவழியில் வண்டி படுத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா? ஆனால் நகரத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, வீடு வீடாகவும் கடை கடையாகவும் சரக்கை விநியோகம் செய்துவிட்டு, மாலையில் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும் வண்டியைக் குறித்தும் அந்தக் கேள்வியையே முதன்மையாக வைத்துக்கொண்டு தர்க்கம் செய்வது, மணமகனின் குணம், தொழில் எதையும் விசாரிக்காமல் அவன் உயரத்தை மட்டும் அளந்துவிட்டுத் திரும்பும் சம்பந்திகளின் காரியத்தைப் போன்றது. அவ்வகை வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதைக் காட்டிலும், பகலில் எத்தனை இடத்தில் நிற்கிறது, இரவில் எங்கே நிற்கிறது, யாருடைய கடன் கணக்கில் நிற்கிறது என்கிற விஷயங்களே அதை மின்சாரத்துக்கு மாற்றுவது லாபமா நஷ்டமா என்பதை நிர்ணயிக்கின்றன. ஆகவே இந்த அத்தியாயத்தில் ஓட்டத்தைவிட நிற்றலுக்கே அதிக இடம் கொடுக்க உத்தேசித்திருக்கிறேன்.

நிற்கிற வண்டிக்கும் மின்சாரத்துக்கும் உள்ள சிநேகம் நேற்று முளைத்ததல்ல. பிரிட்டனின் நகரங்களில், இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னிருந்து சுமார் அரை நூற்றாண்டுக் காலம், விடியற்காலை இருட்டில் தெருவாசிகளின் தூக்கத்தைக் கலைக்காமல் வாசல்தோறும் பால் புட்டிகளை வைத்துச் சென்றவை பாட்டரி வண்டிகளே. பார்வைக்கு அது வண்டி என்று சொல்லும்படியாகவே இருக்காது: நான்கு கால் நட்டு மேலே கூரை போட்டது போன்ற ஒரு தட்டு; பக்கவாட்டில் கதவு கிடையாது; தட்டின் மேல் அடுக்கடுக்காகப் புட்டிக் கூடைகள்; தட்டின் கீழே, தரையை உரசுகிறாற்போல் தாழ்வாக, ஈயமும் கந்தக அமிலமும் நிறைந்த கனத்த பாட்டரிப் பெட்டிகள். மணிக்கு 15, 20 மைலுக்கு மேல் அது போகாது. பின்னால் அகப்பட்டுக்கொண்ட கார்க்காரர்கள் அதைச் சபிக்காத நாளில்லை. ஆயினும் பால்காரருக்கு வேகம் எதற்கு? ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு இருபது கஜ தூரம். இறங்கி, புட்டியை வைத்து, காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு ஏற வேண்டும். உடனே அடுத்த வீடு. பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் ஒன்று அவர் போய்வரும் வரையில் அது வீணாக உறுமிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு வாசலிலும் அணைத்து அணைத்துக் கிளப்ப வேண்டும். மின்மோட்டாருக்கோ நிற்கும்போது செலவென்பதே இல்லை. இந்த ஒரு காரணத்தாலேயே அவ்வண்டிகள் அந்நாட்டில் எவ்வளவு பெருகினவென்றால், 1967 ஆகஸ்டில் அங்குள்ள மின்வண்டிச் சங்கம், உலகத்தின் ஏனைய தேசங்கள் அனைத்திலும் சேர்ந்து ஓடுகிற பாட்டரி வண்டிகளைவிடப் பிரிட்டனில் ஓடுபவை அதிகம் என்று பெருமையாக அறிக்கை விட்டது. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே பால் வண்டிகள்.

பிற்பாடு அவை மறைந்ததற்குப் பாட்டரியின் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. வீட்டுக்கு வீடு குளிர்ப்பெட்டி வந்தது. பெரிய அங்காடிகளில் பால் மலிவாகக் கிடைத்தது. வாசலில் பால் வாங்கும் வழக்கமே தேய்ந்தது. வாடிக்கை போன பின் வண்டி எதற்கு?

ஜெர்மனியில் நடந்த கதை இதற்கு ஒரு நல்ல பின்னுரை. அந்நாட்டு அஞ்சல் ஸ்தாபனமான டாயிச்ச போஸ்ட், கடிதமும் பார்சலும் கொண்டுசெல்வதற்கென்றே அளவெடுத்துத் தைத்தாற்போன்ற மின்வண்டி ஒன்றைத் தேடியது; பெரிய மோட்டார் உற்பத்தியாளர்களிடம் அப்படிப்பட்டது அகப்படவில்லை. கடைசியில், ஆகன் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஸ்ட்ரீட்ஸ்கூட்டர் என்னும் சிறு கம்பெனியை 2014 டிசம்பரில் விலைக்கே வாங்கிவிட்டது. அஞ்சல்காரர் வண்டிகளைத் தாமே செய்யத் தொடங்கியதைக் கண்டு மோட்டார் உலகம் கொஞ்சம் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு நாளில் 200 இடங்கள் வரை நின்று புறப்படுவதற்கேற்ப அந்த வண்டி வடிவமைக்கப்பட்டது. வேகத்தையோ அழகையோ அதில் யாரும் பிரதானமாகக் கருதவில்லை. வண்டி செய்வது அஞ்சல்காரரின் தொழிலல்ல என்பதை அந்த ஸ்தாபனமும் சில வருஷங்களில் உணர்ந்து, 2022இல் அக்கம்பெனியைக் கைமாற்றிவிட்டது என்றாலும், இடையில் ஒரு வேடிக்கை நடந்தது: பிரிட்டனில் எஞ்சியிருந்த பால் விநியோகக் கம்பெனிகளில் பெரியதான ஒன்று, 2018இல் இந்த ஜெர்மன் அஞ்சல் வண்டிகளில் 200ஐ வாங்கிப் பால் புட்டி ஏற்றிற்று.

200 நிறுத்தம் என்பதை வைத்துக்கொண்டு ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். கணிதம் என்றால் முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாமென்று வேண்டிக்கொள்கிறேன். விஷயத்தின் உயிர்நாடி இதிலேதான் இருக்கிறது.

வண்டியும் சரக்கும் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் ‘குட்டி யானை’ என்று செல்லமாக வழங்கப்படும் சிறு சரக்கு வண்டி நிறைந்த லோடோடு போகும்போது ஏறத்தாழ இந்த எடைதான் இருக்கும். அது மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது. எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் அதனிடம் குடிகொண்டிருக்கும் இயக்க சக்தி வந்துவிடும்: 1 லட்சம் ஜூல். டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்துகிறார். அந்த 1 லட்சம் ஜூலும் எங்கே போயிற்று? பிரேக் டிரம்மில் உஷ்ணமாகிக் காற்றோடு போயிற்று. பார்சலைக் கொடுத்துவிட்டு வந்து மறுபடி அதே வேகத்தைப் பிடிக்க, மறுபடியும் 1 லட்சம் ஜூலைச் செலவழிக்க வேண்டும். இப்படி நாளொன்றுக்கு 200 தடவை என்றால் 2 கோடி ஜூல். 36 லட்சம் ஜூல் சேர்ந்தது ஒரு யூனிட். ஆகவே இது ஏறக்குறைய 5½ யூனிட் மின்சாரத்துக்குச் சமம்.

டீசலில் இதை எடுத்துப் பார்ப்போம். 1 லிட்டர் டீசலுக்குள் சுமார் 10 யூனிட் சக்தி ஒளிந்திருக்கிறது. ஆனால் நகர நெரிசலில் நின்று நின்று போகும் எஞ்சின் அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொண்டுசேர்த்தால் பெரிது. மீதியெல்லாம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. எனவே சக்கரத்தில் 5½ யூனிட் வேண்டுமானால் ஏறக்குறைய 3 லிட்டர் டீசலை எரித்தாக வேண்டும். சரக்கை ஓர் அங்குலம் நகர்த்துவதற்குக்கூட அல்ல. பிரேக் டிரம்மைச் சுடவைப்பதற்கென்று மட்டுமே தினந்தோறும் 3 லிட்டர்! எந்த முதலாளியும் இந்தச் செலவைத் தம் கணக்குப் புத்தகத்தில் தனித் தலைப்பில் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் இந்த மாறுதல் எப்போதோ நடந்திருக்கும்.

மின்மோட்டாரின் விசேஷம் என்னவென்றால், அதற்கு மின்சாரம் கொடுத்தால் சுழல்கிறது. வெளியிலிருந்து அதைச் சுழற்றினால் மின்சாரம் கொடுக்கிறது. ஃபாரடே கண்ட தத்துவத்தின் இரண்டு முகங்கள் இவை. வேகத்தைக் குறைக்க வேண்டிய சமயத்தில், ஓடுகிற சக்கரமே மோட்டாரைச் சுழற்றும்படி செய்துவிட்டால், வண்டியின் இயக்க சக்தி மின்சாரமாகிப் பாட்டரிக்குத் திரும்பிவிடுகிறது. முழுவதும் திரும்புவதில்லை. வண்டி தவழ்கிற நிலைக்கு வந்தபின் பழைய பிரேக்கே துணை; போகவரும் வழியில் கொஞ்சம் நஷ்டம்; தவிரவும், காலையில் நூறு சதவிகிதம் நிரப்பிக்கொண்டு புறப்பட்ட பாட்டரி, முதல் சில நிறுத்தங்களில் தரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் மறுத்துவிடும். எல்லாம் போக, பாதியளவு திரும்பியது என்றே வைத்துக்கொள்ளலாம்.

இனி மற்றச் செலவுகள். 60 கிலோமீட்டர் தூரத்துக்கு டயர் தரையில் உருள்வதற்கு ஏறத்தாழ 4 யூனிட். காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கு 1½ யூனிட். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு. நெடுஞ்சாலையில் மின்வண்டியின் பாட்டரியைக் கரைக்கும் பிரதான சத்துரு இந்தக் காற்றே. நகரத்தில் அதற்குப் பல்லில்லை. ஆகக் கூடி, பிரேக்கில் திரும்பியது போக, சக்கரத்தில் 8 யூனிட். மோட்டாரிலும் மின்கட்டுப்பாட்டுச் சாதனங்களிலும் நேரும் சேதாரம், விளக்கு முதலியவை சேர்த்தால் 10 யூனிட். வண்டி போகப் போகச் சரக்கு இறங்கிக்கொண்டே வருவதால் உண்மையில் இதற்கும் குறைவாகவே ஆகும். 2022இல் வெளிவந்த மின்சாரக் குட்டி யானையான டாட்டா ஏஸ் வண்டியின் பாட்டரி கொள்வது 21.3 யூனிட். சோதனைச்சாலைச் சான்று அதற்கு 154 கிலோமீட்டர் என்று சொல்கிறது. அந்தச் சான்றை நம்பாதவரும், நிறைந்த லோடோடு 200 இடத்தில் நின்ற பிறகும் பாதி பாட்டரி மிச்சம் என்கிற இந்தக் கணக்கை நம்பலாம்.

வண்டி ஓட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவர்கள் கேட்பது வேறு: “லோடு ஏத்துனா மேம்பாலம் ஏறுமா?” அவர்கள் அநுபவத்திலிருந்து பிறந்த கேள்வி அது. எஞ்சின் சுழற்சி ஏறினால்தான் அதற்கு இழுவை உண்டு. நின்ற நிலையில் அதனிடம் ஒன்றுமில்லை. அதனால்தான் ஏற்றத்தில், நெரிசலில், முதல் கியரில் ஹாஃப் கிளட்சில் வண்டியைத் தாங்கித் தாங்கிக் கொண்டுபோய், கிளட்ச் தட்டைத் தேய்த்து, வருஷத்துக்கொருமுறை மெக்கானிக்குக்குத் தட்சிணை வைக்க வேண்டியிருக்கிறது. மின்மோட்டாரின் சுபாவம் இதற்கு நேர்மாறு: அசையாமல் நிற்கும் நிலையிலேயே முழு முறுக்குவிசையும் தயாராக இருக்கும். கிளட்சும் இல்லை, மாற்ற வேண்டிய கியரும் இல்லை. மேம்பாலத்தின் நடுவில் நின்று புறப்பட்ட முதல் நாளே டிரைவருக்குச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அப்படியானால் இத்தனை காலம் இது ஏன் நடக்கவில்லை? ஈயப் பாட்டரியின் பாரமே காரணம். ஒரு கிலோ ஈயப் பாட்டரி தாங்குவது 30 முதல் 40 வாட்-மணி. 20 யூனிட்டைச் சுமக்க அரை டன்னுக்கு மேல் பாட்டரியை ஏற்றினால், சரக்குக்கு இடம் ஏது? பால்காரருக்கு 20 மைல் வேகமும் சொற்ப தூரமும் போதுமாயிருந்ததால் அவர் பிழைத்தார். லித்தியம் அயனிப் பாட்டரி வந்து பாரத்தைக் குறைத்தது; 2010இல் யூனிட் கொள்ளளவுக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த அதன் விலை, 2024இல் 115 டாலர் சராசரிக்கு இறங்கியது. லித்தியத்திலும் பல ஜாதிகள் உண்டு. கிலோவுக்கு அதிக சக்தி தாங்குகிற நிக்கல், கோபால்ட் ஜாதியைச் சொகுசுக் கார்கள் விரும்புகின்றன. பார்சல் வண்டிக்கு உகந்தது இரும்பு பாஸ்பேட் ஜாதி. கிலோவுக்குத் தாங்குவது சற்றுக் குறைவு. ஆனால் இரும்பு மலிவு, ஆயுள் அதிகம், அக்கினி பயம் குறைவு. 2,000 தடவைக்கு மேல் நிரப்பியும் வடித்தும் அது அயராது. வருஷத்தில் 300 நாள் ஓடுகிற வண்டிக்கு ஆறேழு வருஷம் உத்தரவாதமாக வரும்.

இந்த இரும்பு பாஸ்பேட்டின் பூர்வகதையில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. தமிழ்நாட்டின் தென்பகுதிச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்று, பின்னர் ஜான் குட்இனஃப் என்னும் மேதையோடு ஆக்ஸ்போர்டிலும் டெக்ஸாஸிலும் ஆராய்ச்சி செய்தவர் ஆறுமுகம் மந்திரம். வெறும் இரும்பு ஆக்ஸைடை மின்முனையாக வைத்தால் கிடைக்கிற மின்னழுத்தம் மிகச் சொற்பம். ஆக்ஸிஜனைத் தனியே விடாமல் கந்தகத்தோடு பிணைத்துச் சல்பேட் தொகுதியாக இரும்பின் பக்கத்தில் உட்காரவைத்தால், அத்தொகுதி எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மின்னழுத்தம் உயர்கிறது என்று 1980களின் பிற்பகுதியில் அவ்விருவரும் கண்டார்கள். அந்தப் பாதையிலேயே மேலும் சென்று, குட்இனஃபின் ஆராய்ச்சிக்கூடத்தில் அக்ஷய பாடி, நஞ்சுண்டசாமி முதலியோர் பாஸ்பேட்டைக் கையாண்டு 1997இல் வெளியிட்டதே இன்றைய இரும்பு பாஸ்பேட் முனை. பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுகப் பிடித்திருக்கிறபடியால், சூடேறினாலும் ஆக்ஸிஜன் எளிதில் விடுபட்டுத் தீக்குத் துணைபோவதில்லை. 2019இல் குட்இனஃபுக்கு நோபெல் பரிசு கிடைத்தபோது, 97 வயது நிரம்பியிருந்த அவருக்காக ஸ்டாக்ஹோமில் நோபெல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் மந்திரமே.

தீக்கு அஞ்சாவிட்டாலும் வெயிலுக்கு அஞ்ச வேண்டும். மே மாதத்துத் தில்லியில் நாளெல்லாம் ஓடிச் சூடேறிய பாட்டரியை, வண்டி உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக மின்சாரத்தில் மாட்டினால், அதன் ஆயுளில் அது ஒரு கீறல். சற்று ஆறவிட்டு மாட்டுவது நலம். இங்கேதான், வண்டி இரவில் நிற்கிற இடத்தின் சாஸ்திரம் ஆரம்பமாகிறது.

பார்சல் தொழிலில் ‘ஹப்’ என்று சொல்லப்படும் அந்தக் கொட்டகையைச் சற்று அருகே சென்று பார்க்க வேண்டும். தகரக் கூரை, சுவரோரம் வரிசையாக 16 ஆம்பியர் பிளக்குகள், ஒவ்வொன்றிலிருந்தும் விரல் தடிமனான வயர் தரையில் நெளிந்து போய் ஒரு வண்டியின் வயிற்றில் முடிகிறது. 50 வண்டிகள் என்று கொள்வோம். வழிச்சேதாரத்தோடு வண்டிக்கு 11 யூனிட். மொத்தம் 550 யூனிட். இரவு ஒன்பது மணிக்கு எல்லா வண்டிகளையும் ஒரே சமயத்தில் மாட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டால், ஒவ்வொரு பிளக்கும் 3.3 கிலோவாட் இழுக்க, கொட்டகையின் மின்பளு 165 கிலோவாட்டுக்குத் தாவும். பன்னிரண்டரை மணிக்கெல்லாம் எல்லாம் நிரம்பிவிடும். அப்புறம் விடியும் வரையில் மின்கம்பி சும்மா கிடக்கும். அதே 550 யூனிட்டைக் காலை ஆறு மணி வரையில் முறைவைத்துப் பிரித்துக் கொடுத்தால் 61 கிலோவாட் போதும். மின்வாரியம் யூனிட்டுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. இவ்வளவு பளு வரை இழுப்பேன் என்று செய்துகொண்ட ஒப்பந்தத்துக்கும் மாதந்தோறும் வாங்குகிறது. 165க்கும் 61க்கும் உள்ள தூரம், பல ஊர்களில் புது டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் உள்ள தூரம்.

லண்டனில் இதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். யூ.பி.எஸ். என்னும் பார்சல் கம்பெனிக்கு அங்கே கென்டிஷ் டவுன் பகுதியில் ஒரு பெரிய கிடங்கு இருக்கிறது. அங்கிருந்த மின்இணைப்பைக் கொண்டு 65 மின்சார லாரிகளுக்கு மேல் சமாளிக்க முடியாத நிலை. தெருவைத் தோண்டிப் பெரிய கேபிள் போடுவதென்றால் ஏராளமான செலவு. அதற்குப் பதிலாக, கட்டடத்துக்கு வேண்டிய மின்சாரத்தையும் லாரிகளின் தேவையையும் கணத்துக்குக் கணம் பார்த்து, இடமிருக்கும்போது கொடுத்து, இல்லாதபோது நிறுத்தும் கணினி ஏற்பாடு ஒன்றையும், சேமிப்புப் பாட்டரிகளையும் வைத்தார்கள். அதே இணைப்பைக் கொண்டே 170 லாரிகள் அத்தனையையும் மின்சாரத்துக்கு மாற்றலாம் என்று 2018இல் அறிவித்தார்கள். வண்டியின் பொறியியலைப் போலவே கொட்டகையின் பொறியியலும் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி நான் அறியேன்.

இந்தியாவில் இதில் ஒரு திருப்பம் ஏற்பட்டிருக்கிறது. முன்னெல்லாம் மின்சாரம் மலிவாகக் கிடைத்தது நள்ளிரவில். சூரிய மின்சாரம் பெருகிய பின் மலிவு பகலுக்கு மாறிவருகிறது. 2023இல் மத்திய அரசு திருத்திய விதிகளின்படி, சூரியன் காய்கிற மணிகளில் கட்டணம் சாதாரண விகிதத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வண்டியோ அந்நேரத்தில் தெருவில் அலைகிறது! காலை டிரிப்பை முடித்துவிட்டு, அடுத்த லோடு ஏற்றுவதற்கும் சாப்பிடுவதற்குமாக வண்டி கொட்டகைக்கு வருகிற அந்த ஒன்றரை மணி நேரத்தைப் புத்திசாலிகள் இனிமேல் வீணாக்கமாட்டார்கள்.

நிலக்கரியை எரித்து மின்சாரம் செய்கிற நாட்டில் இதனால் புகை குறையுமா என்று கேட்கிறவர்களுக்கும் பதில் உண்டு. நம் நாட்டில் 1 யூனிட்டுக்குப் பின்னால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு இருக்கிறது. 11 யூனிட்டுக்கு 8 கிலோ. மேற்சொன்ன வேலையை டீசல் வண்டி செய்தால், ஏறக்குறைய 5½ லிட்டர். அதன் புகை 14, 15 கிலோ. பாட்டரியைச் செய்யும்போது உண்டாகும் புகை, யூனிட் கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ வரை என்றால், அந்தக் கடனும் ஏறக்குறைய ஒரு வருஷ ஓட்டத்தில் தீர்ந்துவிடும். பூமியின் உஷ்ணத்தைப் பொறுத்தவரையில் இது பாதி ஜயமே. தெருவில் நடக்கிறவருடைய நாசியைப் பொறுத்தவரையில் அநேகமாக முழு ஜயம். புகைக்குழாய் என்பதே இல்லையே.

தில்லி அரசாங்கம் இந்த நாசியைக் கருதித்தான் முன்வந்தது. 2021இல், லாரி நுழையக்கூடாத நேரங்களில் நகரத்தின் சுமார் 250 சாலைகளில் மின்சாரச் சரக்கு வண்டிகள் மட்டும் ஓடலாம், நிற்கலாம் என்று விதிவிலக்குக் கொடுத்தது. மானியத் தொகையைவிட இது சாமர்த்தியமான யோசனை என்பது என் அபிப்பிராயம். காலை எட்டு மணிக்குக் கடைவீதிக்குள் நுழைய முடிகிற வண்டி, பதினொன்றுக்குத்தான் நுழைய முடிகிற வண்டியைவிட ஒரு டிரிப் அதிகம் அடிக்குமல்லவா? பின்பு 2023 நவம்பரில், 25 அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை வைத்து விநியோகத் தொழில் நடத்தும் ஸ்தாபனங்கள் படிப்படியாக மாறி, 2030 ஏப்ரல் 1ஆம் தேதிக்குள் முழுக்க மின்சாரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று திட்டம் வகுத்தது.

சட்டம் ஸ்தாபனத்தைப் பார்த்துப் பேசுகிறது; வண்டியோ பெரும்பாலும் ஸ்தாபனத்துடையதன்று. நம் நாட்டில் பார்சலின் மேல் அச்சடித்திருக்கும் பெயர் ஒன்று, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் வேறொன்று. அது ஒரு சிறு ஒப்பந்தக்காரருடையதாகவோ, தவணை கட்டிக்கொண்டு தாமே ஓட்டுகிற டிரைவருடையதாகவோ இருக்கும்; இரு சக்கர வண்டியில் சாப்பாடு கொண்டுபோகும் இளைஞருக்கோ வண்டி, பெட்ரோல், பஞ்சர் எல்லாம் சொந்தப் பொறுப்பு. இவர்களுக்கு ஓடும் செலவு குறைவு என்று எத்தனை கணக்குக் காட்டினாலும், வாங்குகிற விலை கண்ணை மறைக்கிறது. கடன் கொடுப்பவருக்கும் பயம். பழைய டீசல் வண்டியை எந்த மெக்கானிக்கும் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே இன்ன விலை போகும் என்று சொல்லிவிடுவார். ஐந்து வருஷம் உழைத்த பாட்டரிக்குள் இன்னும் எவ்வளவு ஜீவன் இருக்கிறதென்று பெட்டியைத் தட்டிப் பார்த்தா சொல்ல முடியும்? மறுவிலை தெரியாத பொருளுக்கு வட்டி ஏறுவது லௌகிக நியதி.

இந்தச் சிக்கலை ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் அவிழ்த்திருக்கிறார் என்பது ஆச்சரியமான செய்தி. அமெரிக்காவில் கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்ஃபோர்ட் நகரத்தின் மின்சாரக் கம்பெனி, 1910களின் ஆரம்பத்தில், சரக்கு லாரி வாங்குவோருக்கு ஒரு ஏற்பாடு செய்தது. ஜெனரல் வெஹிகிள் கம்பெனியின் லாரியைப் பாட்டரி இல்லாமலே வாங்கிக்கொள்ளலாம். பாட்டரி மின்சாரக் கம்பெனியுடையது. தீர்ந்த பாட்டரியைக் கொடுத்து நிறைந்த பாட்டரியை மாட்டிக்கொண்டு போகலாம். பராமரிப்புக்கு மாதக் கட்டணம். ஓடின மைலுக்கு இவ்வளவு என்று மேற்கொண்டு ஒரு தொகை. பாட்டரி கெட்டுப்போனால் கவலைப்பட வேண்டியவர் லாரிக்காரரல்ல. 1924 வரையில் நடந்த அந்தச் சேவையில் லாரிகள் 60 லட்சம் மைலுக்கு மேல் ஓடின.

2020 ஆகஸ்டில், பாட்டரி பொருத்தாத மின்வண்டிகளையும் பதிவு செய்யலாம் என்று நம் மத்திய போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியபோது, ஹார்ட்ஃபோர்ட் யோசனைக்கு இங்கே கதவு திறந்தது. வடநாட்டு நகரங்களில் இன்று, பலசரக்குக் கடை அளவேயுள்ள ஒரு மாற்று நிலையத்தில் மூன்று சக்கர வண்டிக்காரர் வந்து நின்று, தம் ஆசனத்தின் கீழிருந்து பெட்டியைக் கைப்பிடியைப் பற்றித் தூக்கி அலமாரியில் செருகிவிட்டு, பச்சை விளக்கு எரியும் வேறொரு பெட்டியை எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு கோப்பை தேநீர் குடிக்கும் நேரங்கூட ஆவதில்லை. ஹார்ட்ஃபோர்டுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: ஒரே உற்பத்தியாளரின் லாரி என்பதால் பாட்டரி எந்த லாரியிலும் பொருந்தியது. இங்கே ஒரு கம்பெனியின் பெட்டி அடுத்த கம்பெனியின் வண்டிக்குள் நுழைவதில்லை. எல்லாருக்கும் பொதுவான அளவு ஒன்றைக் கொண்டுவரலாமென்று நீதி ஆயோக் 2022 ஏப்ரலில் ஒரு வரைவை வெளியிட்டது. உற்பத்தியாளர்கள் தத்தம் பெட்டியே சிறந்ததென்று தயங்கினார்கள். கையால் தூக்கக்கூடிய பெட்டி இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்குத்தான் சரிப்படும். குட்டி யானையின் பாட்டரி ஏறக்குறைய ஒன்றரை மூட்டை, இரண்டு மூட்டை நெல்லின் கனம். அதை யாரும் தேநீர் நேரத்தில் மாற்றப்போவதில்லை. அதற்குக் கொட்டகையும், பிளக்கும், முறைவைத்து மாட்டுகிற ஓர் ஆளுமே வேண்டும். அந்தக் கொட்டகையின் மின்இணைப்பு யார் பெயரில் இருக்கும், வாடகை இடத்தில் போட்ட கேபிளுக்கு யார் பணம் கட்டுவார் என்பதைத்தான் ஒப்பந்தக்காரர்களும் பார்சல் கம்பெனிகளும் இப்போது பேரம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.